பதினோரு வேளைக் கஞ்சி

முப்பத்தோரு வருஷம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சமையலறையில் அண்டா அண்டாவாகக் கஞ்சி காய்ச்சிய மனிதரிடம் போய், ஒன்றும் செய்யாமல் சும்மா இருங்கள் என்று சொன்னால் கேட்பாரா? கேட்கவில்லை. வந்த வினைக்கெல்லாம் அதுதான் காரணம். அதற்காக அவரை முட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். கெட்டவர் என்று சத்தியமாக நினைக்க வேண்டாம். வீம்பு கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் அவருக்குக் கஞ்சி மாஸ்டர் என்று பெயர். பெரிய டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆபரேஷன் முடிந்து நாக்கு செத்துக் கிடக்கிறவன்கூட அவர் கஞ்சியை ஒரு தம்ளர் குடித்துவிட்டு இன்னொரு தம்ளர் கேட்பான். இதில் என்னதான் போடுகிறீர்கள் மாஸ்டர் என்று கேட்காத நர்ஸ் கிடையாது. "அரிசி, உப்பு, அப்புறம் என் கைராசி" என்பார். முப்பத்தோரு வருஷமும் இதே பதில்தான். பக்கத்து அடுப்பில் நின்றவர்களுக்கே அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடைத்ததில்லை.

ஓய்வு பெற்ற மறு மாதமே மகன் வந்து பெட்டியோடு அழைத்துக்கொண்டு போய்விட்டான். அம்மா போய் ஐந்து வருஷம் ஆகிறது, தனியாக உட்கார்ந்து சுவரையா பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டான். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. மகனுக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவான். மருமகள் பேருந்து ஓட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். நகரப் பேருந்து, சின்ன வண்டி இல்லை. வெளிர்நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு அவள் படியிறங்கிப் போவதைப் பார்க்க மாஸ்டருக்குப் பெருமை பிடிபடாது. மாடியில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுப் பொண்ணு பஸ் ஓட்டுது" என்று, யாரும் கேட்காமலே சொல்லி வைப்பார்.

அந்த மருமகளுக்குத்தான் கோதுமை ஆகாது. ஆகாது என்றால், கொஞ்சம் மந்தம் தட்டும், ஏப்பம் வரும் என்ற கணக்கில் இல்லை. ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் குடல் புண்ணாகி, நான்கைந்து நாள் ஆளைப் புரட்டி எடுத்துவிடும். எட்டு மாதத்துக்கு முன்புதான் கண்டுபிடித்தார்கள். குளூட்டன் என்று ஏதோ ஒன்று அதற்குள் இருக்கிறதாம், அதுதான் எதிரி என்று மகன் சொன்னான். "பிரிட்ஜ்ல லிஸ்ட் ஒட்டியிருக்குப்பா, ஒரு தடவ பாத்துக்குங்க" என்றும் சொன்னான்.

"எனக்கா லிஸ்ட்?" என்று மாஸ்டர் சிரித்தார். "சக்கரக்காரன், ரத்தக்கொதிப்புக்காரன், கிட்னிக்காரன்னு ஒரே நேரத்துல நானூறு பேருக்குப் பிரிச்சுப் பிரிச்சு ஆக்கிப் போட்டவன்டா நான். கோதுமை கூடாது, மைதா கூடாது, ரவை கூடாது. இதுக்கு ஒரு லிஸ்ட் வேறயா?"

உண்மையில் அவர் வந்தபோது பிரிட்ஜில் லிஸ்ட் எதுவும் கண்ணில் படவும் இல்லை. எலுமிச்சம்பழ வடிவத்தில் ஒரு காந்தம், அதன் கீழே பேருந்துப் பணிமனை அனுப்பிய அறிவிப்புத் தாள், அவ்வளவுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இறுதி ஓட்டத் தேர்வு. எழுபது நிமிடம், குறித்த தடத்தில், இடையில் வண்டியை விட்டு இறங்காமல் ஓட்ட வேண்டும். தவறினால் அடுத்த தேர்வு அடுத்த வருஷம்தான். ஆறு மாதப் பயிற்சியும் இந்த எழுபது நிமிடத்துக்குத்தான்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் சனியன் பிடித்தது. கூடப் பயிற்சி எடுக்கும் பெண் ஒருத்தி எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு மத்தியானச் சாப்பாடு போட்டாள். மருமகள் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத்தான் வாயில் வைத்திருக்கிறாள். சூப்பில் கோதுமை இருக்கிறதா என்று கேட்டதற்கு அந்தப் பெண், இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லியிருக்கிறாள். பாதிக் கிண்ணம் குடித்த பிறகு, "கெட்டியா இருக்கறதுக்கு ரெண்டு ஸ்பூன் மைதா கரைச்சு ஊத்தினேன், அவ்வளவுதான்" என்றாளாம்.

மாஸ்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மைதா என்ன மரத்துலயா காய்க்குது? சமையல் தெரியாதவங்க கையில சாப்பிட்டா இப்படித்தான்" என்றார். பாத்ரூம் கதவுக்கு உள்ளேயிருந்து வாந்தி எடுக்கும் சத்தம்தான் வந்தது. சிரித்ததற்காக வெட்கப்பட்டு, வாளியில் வெந்நீர் நிரப்பிக் கதவருகே வைத்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை காலை டாக்டரிடம் போய் வந்தார்கள். டாக்டர் மாத்திரை எழுதவில்லை. இதற்கென்று மருந்து கிடையாது, கோதுமை சம்பந்தப்பட்ட எதுவும் இனி உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், லேசாகச் சாப்பிடுங்கள், மற்றபடி ஒன்றும் செய்ய வேண்டாம், உடம்பு தானாக ஆற்றிக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். புதன்கிழமைக்குள் எழுந்து உட்கார்ந்துவிடலாம், வெள்ளிக்கிழமை வண்டி ஓட்டலாம் என்றும் சொன்னார்.

"ஒண்ணும் செய்ய வேணாம்னு சொல்றதுக்கு ஒரு டாக்டரா?" என்று மாஸ்டர் கொதித்தார். அன்று காலைக் கஞ்சியிலிருந்தே அடுப்படியைத் தன் வசம் எடுத்துக்கொண்டார். புதுப் பாத்திரம், புதுக் கரண்டி. கோதுமை இருந்த டப்பாக்களைக் கண்காணாத இடத்தில் கட்டிப் போட்டார். அரிசியைக் குழைய வேகவிட்டார். பிறகு தன் அறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறந்து, ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். அதில் வறுத்து, பொடித்து, சலித்து வைத்த பார்லி இருந்தது. அதுதான் கைராசி. ஒரு பிடி அள்ளிக் கஞ்சியில் தூவிக் கரைத்துவிட்டால் இருக்கிற இடம் தெரியாது. கஞ்சிக்கு ஒரு மணமும் வழவழப்பும் வந்துவிடும், வயிறும் குளிரும். முப்பத்தோரு வருஷத்தில் எத்தனை வயிற்றை அந்த ஒரு பிடி ஆற்றியிருக்கும்!

மருமகள் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். "நல்லா இருக்கு மாமா" என்றாள். பிறகு, இந்த எட்டு மாதத்தில் பழகிப்போன கேள்வியைக் கேட்டாள். "இதுல என்னெல்லாம் போட்டிருக்கீங்க?"

"அரிசி, உப்பு, அப்புறம் என் கைராசி" என்றார் மாஸ்டர்.

அவள் சிரித்தாள். நம்பிக் குடித்தாள்.

அன்று மாலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். செவ்வாய்க்கிழமை காலை கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. கஞ்சி குடித்த இரண்டு மணி நேரத்தில் மறுபடி ஆரம்பித்தது. பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் பத்தடி தூரம். அந்தப் பத்தடியை அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வயிறு உப்பி, கண்ணுக்குக் கீழே கருத்து, பேசும்போதே பேச்சு பாதியில் நின்றது. தலைக்குள்ளே பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது என்றாள். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் தேர்வுத் தடத்தின் வரைபடத்தை ஒட்டி வைத்திருந்தாள். படுத்தபடியே விரலை அதன்மேல் ஓட்டி, எந்த நிறுத்தம், எந்தத் திருப்பம், எங்கே கியர் மாற்ற வேண்டும் என்று முணுமுணுப்பாள். விரல் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

"மூணு நாள்ல அடங்கணுமே. ஏன் மாமா அடங்க மாட்டேங்குது?" என்று புதன்கிழமை கேட்டாள். கேட்கும்போது அழுதாள்.

ஏன் என்று மாஸ்டருக்கும் தெரியவில்லை. தெரியாதபோது அவருக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு பிடியை இரண்டு பிடியாக்கினார். வேளை தவறாமல், ஆறவிட்டு, பதமாக, தானே கையில் கொண்டுபோய்க் கொடுத்தார். வேண்டாம் என்று அவள் தலையைத் திருப்பினால், "எனக்காக ரெண்டு வாய்" என்று கெஞ்சினார். பெற்ற அப்பாவாக இருந்தால்கூட இப்படிப் பார்க்க மாட்டார் என்று அவள் ஒருநாள் தன் கணவனிடம் சொன்னதை மாஸ்டர் கதவுக்கு வெளியே நின்று கேட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

வியாழக்கிழமை மத்தியானம் கஞ்சி குடித்து முடித்த பிறகு, அவள் மெல்ல எழுந்து மறுநாளைக்கு வேண்டியதையெல்லாம் பையில் எடுத்து வைத்தாள். உரிமம், இரண்டு போட்டோ, வெளிர்நீலச் சட்டை. கடைசியாக அடுப்படிக்கு வந்து, காந்தத்தை நகர்த்தி, பிரிட்ஜிலிருந்து பணிமனை அறிவிப்பை உருவினாள். உருவின கையோடு வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள்.

அறிவிப்புக்குப் பின்னால் இன்னொரு தாள் இருந்தது. நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டின தாள். அவள் கையெழுத்து. மாஸ்டர் தம்ளரைக் கழுவிக்கொண்டே அதைப் பார்த்தார். கையைத் துடைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

தொடவே கூடாதவை. கோதுமை. மைதா. ரவை. சேமியா. பார்லி, எந்த வடிவத்திலும்.

கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தது.

அவர் மறுபடி படித்தார். கோதுமைக்கும் பார்லிக்கும் என்ன உறவு? இது வேறு தானியம், அது வேறு தானியம். யாரிடமாவது சண்டை போட வேண்டும் போல இருந்தது. பாத்ரூமில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டதும் அந்த வீறாப்பெல்லாம் வடிந்துவிட்டது. அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்த தலைமை நர்ஸுக்குப் போன் செய்தார். கோதுமை ஆகாத ஒருவருக்குப் பார்லி ஆகுமா என்று, யாருக்கு என்று சொல்லாமல் கேட்டார். நர்ஸ் சத்தம் போட்டுச் சிரித்தாள்.

"என்ன மாஸ்டர் நீங்க, பார்லிலயும் அதே சமாச்சாரம்தானே இருக்கு. யாரு குடுத்தது?"

"யாரோ குடுத்துட்டாங்க. இப்ப என்ன பண்ணலாம்? உள்ள போனத முறிக்க ஏதாவது..."

"முறிக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. நிறுத்திட்டுக் காத்திருக்கணும். நாலஞ்சு நாள் ஆகும்."

"நாளைக்குக் காலைல நல்லா இருக்கணுமே சிஸ்டர்."

"அதுக்கு நான் என்ன செய்ய முடியும் மாஸ்டர்?"

டப்பாவை எடுத்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினார். தெருமுனைக் குப்பைத் தொட்டியில் பார்லியைக் கொட்டி, டப்பாவையும் போட்டுவிட்டு வந்தார். அதில் யாருக்கு என்ன லாபம்? உள்ளே போனது உள்ளேதான் இருந்தது.

இப்போதே சொல்லிவிடுவதா, தேர்வு முடிந்து சொல்வதா? நாளைக்கு வண்டி ஓட்டப் போகிறவள் மனசை இன்றைக்கு உடைக்கக் கூடாது என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். பாதி அதுதான் காரணம். மீதிப் பாதி பயம். மகன் முகத்தில் விழிக்கும் பயம், அதைவிட அவள் முகத்தில் விழிக்கும் பயம். அன்று மாலை பாத்திரத்தை மூன்று தடவை தேய்த்து, வெறும் அரிசியும் உப்பும் மட்டும் போட்டுக் காய்ச்சிக் கொண்டுபோனார்.

அவள் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "இன்னிக்கு ருசி வேற மாதிரி இருக்கே மாமா."

"அரிசி மாறிப்போச்சும்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மகன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான், போக வேண்டாம் என்று. அவள் கேட்கவில்லை. ஆறு மாதத்தையும் படுக்கையில் கிடந்தா தொலைக்கச் சொல்கிறாய் என்று கேட்டாள். அவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மாஸ்டர்தான் கூடப் போனார். ஒரு பிளாஸ்க் வெந்நீர், ஒரு மாற்று உடுப்பு, இரண்டு துண்டு. பணிமனை வாசலில் காவலாளியின் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்தது. அங்கே உட்காரச் சொன்னார்கள்.

அவள் மூன்றாவது ஆள். ஓட்டுநர் இருக்கையில் ஏறி, கண்ணாடிகளைத் திருத்தி, பெல்ட்டை மாட்டினாள். பயிற்சியாளர் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். தேர்வு அதிகாரி அட்டையும் பேனாவுமாக எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். பேருந்து ஒரு குலுங்கல் இல்லாமல் வாசலைத் தாண்டித் திரும்பியது. மாஸ்டர் எழுந்து நின்று பார்த்தார். தாண்டும்போது அவள் அவரைப் பார்த்துச் சின்னதாகத் தலையை ஆட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற முகம்.

எழுபது நிமிடம். சமையலறையில் எழுபது நிமிடத்தில் நூறு பேருக்கு ஆக்கி இறக்கிவிடுவார். இங்கே செய்ய ஒன்றும் இல்லை. பிளாஸ்க் மூடியைத் திறந்தார், மூடினார். துண்டை மடித்தார், பிரித்தார். காவலாளியிடம் மணி கேட்டார், கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது காவலாளி கூண்டுக்குள்ளிருந்த கடிகாரத்தை அவர் பக்கமாகவே திருப்பி வைத்துவிட்டான்.

நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் பேருந்து திரும்பி வந்தது. சீக்கிரமாக வந்துவிட்டாளே என்று ஒரு நொடி மனசு துள்ளியது. பிறகுதான் பார்த்தார். ஓட்டிக்கொண்டு வந்தது பயிற்சியாளர். அவள் பின்னிருக்கையில், முன்னால் இருந்த கம்பியில் நெற்றியை வைத்துக் குனிந்திருந்தாள்.

பயிற்சியாளர் இறங்கி வந்து அவரிடம்தான் பேசினார். "நல்லாத்தான் ஓட்டினா பெரியவரே. ஒரு தப்பு கிடையாது. பெரிய பாலத்துக்குக் கிட்ட ஓரங்கட்டி, கை பிரேக் போட்டு, விளக்கு போட்டு, எல்லாம் ஒழுங்கா செஞ்சுட்டுத்தான் இறங்கி ஓடினா. ஆனா இறங்கக் கூடாதே. நான் என்ன செய்யட்டும்?"

வீட்டுக்குப் பேருந்திலேயே திரும்பினார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓட்டுநரின் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். மாஸ்டரின் துண்டு அவள் மடியில் இருந்தது.

"யாரையும் சொல்லிப் பிரயோஜனம் இல்ல மாமா" என்றாள். "என் தப்புதான். டெஸ்ட்டுக்கு அஞ்சு நாள் இருக்கறப்ப வெளிய போய் வாய வச்சேன் பாருங்க. நீங்க பாவம், ராப்பகலா எனக்காக நின்னீங்க."

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டார். கைராசி என்றால் என்ன என்பதை, முப்பத்தோரு வருஷமாக யாருக்கும் சொல்லாததை, ஓடுகிற பேருந்தில், முன்னிருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னார். டப்பாவைச் சொன்னார், ஒரு பிடி இரண்டு பிடி ஆனதைச் சொன்னார், நேற்றே தெரியும் என்பதையும் சொன்னார்.

இரண்டு நிறுத்தம் போனது.

"எத்தன வேள?" என்று கேட்டாள்.

சமையல்காரருக்கு வேளைக் கணக்கு தப்பாது. "பதினொன்னும்மா."

"நான் கேட்டேனே மாமா" என்றாள். குரல் உயரவில்லை. "மொத நாளே கேட்டேனே, என்ன போட்டீங்கன்னு."

அவர் பிளாஸ்க் மூடியை இறுக்கி மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேராக அடுப்படிக்குப் போனாள். நிற்க முடியாமல் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, மறு கையால் அரிசியை அளந்தாள். அலசும்போது கொஞ்சம் அரிசி தொட்டியில் சிந்தியது. மாஸ்டர் அடுப்படி வாசலில் நின்றார்.

"நான் அலசிக் குடுக்கட்டுமாம்மா?"

"வேணாம் மாமா."

"பாத்திரத்தையாவது தூக்கி வைக்கிறேன். கனமா இருக்கும்."

"நீங்க எதையும் தொடாதீங்க" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே அது உறைத்திருக்க வேண்டும். ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பாத்திரத்தைத் தானே இழுத்து அடுப்பில் வைத்து, பற்றவைத்தாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளங்கை இரண்டையும் முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். அந்தக் கைகளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நானூறு பேருக்குச் சோறு போட்ட கை. ஒரு பிள்ளை வயிறு காய்ந்து நிற்கும்போது மடியில் கிடந்தது. அவமானமாக இருந்தது அவருக்கு. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. அவள் திரும்பாமலே சொன்னாள்.

"மாமா, பிரிட்ஜ்ல இருக்கற லிஸ்ட்டப் படிங்க."

"படிச்சுட்டேம்மா."

"சத்தமாப் படிங்க. எனக்குக் கேக்கணும்."

அவர் எழுந்து போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரிட்ஜின் முன்னால் நின்றார். கோதுமை என்றார். மைதா என்றார். ரவை, சேமியா. ஐந்தாவது வரிக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அதையும் படித்தார்.

அவள் கரண்டியால் ஒரு சுற்றுக் கிளறினாள்.

"இன்னொரு தடவ" என்றாள்.

அவர் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார்.